மானாகப் புறப்பட்ட கன்றுக்குட்டி

எங்கள் மாமாவுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் வேலை உலகத்திலேயே கிடையாது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் என்றால் நானும் தம்பியும்தான். அம்மா அப்படி நம்பவில்லை. மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்த பிள்ளை என்ன சொன்னாலும் அதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் அம்மா கேட்பாள்.

மாமா நோர்வூட் பஸாரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தார். போட்டோகொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பது அங்கே வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், யார் செத்தாலும் விஷயம் முதலில் மாமாவுக்குத்தான் தெரியும். அந்தப் பெருமை அவர் நடையிலேயே இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்டிரைவ் கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் இருந்தார். தம்பி பிறப்பதற்கு முன்பே போனவர். சித்திரை வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் வருவார், கோயில் திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் அதற்கும் வருவார். வந்து இரண்டொரு நாள் இருந்துவிட்டுப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் பை கட்டுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். கைக்குட்டை முதல் பல் துலக்கும் பிரஷ் வரை ஒன்றையும் விடமாட்டார். கதவுக்குப் பின்னால் அவருக்கென்று அம்மா அடித்து வைத்திருந்த ஆணி, அவர் போன மறு நிமிஷம் வெறுமையாகிவிடும். அதில் வேறு யாருடைய துணியையும் மாட்ட அம்மா விடமாட்டாள். தம்பி ஒருமுறை பள்ளிக்கூடப் பையை அதில் மாட்டிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்த வருஷம் நோர்வூட்டிலேயே ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. மாமாதான் செய்தி கொண்டுவந்தார். கடை முதலாளிக்கு அப்பாவைப் பற்றிச் சொல்லி, தீபாவளி வரைக்கும் வேறு ஆளைப் போடாமல் காத்திருக்கவும் சம்மதிக்க வைத்திருந்தார். அம்மா பிள்ளையார் கோயில் மேட்டில் ஏறி நின்று, போனில் சிக்னல் வருகிற பக்கமாகத் திரும்பி, விஷயத்தை அப்பாவிடம் சொன்னாள். அப்பா "பார்ப்போம்" என்றார்.

"பார்ப்போம்" என்ற சொல்லின் கனம் எனக்கு நன்றாகத் தெரியும். சைக்கிள் கேட்டபோது "பார்ப்போம்" என்றார். கொழும்புக்குக் கூட்டிப் போங்கள் என்று அழுதபோதும் "பார்ப்போம்" என்றார். இரண்டையும் நான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அதைக் கேட்டுவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் மேட்டிலிருந்து இறங்கினாள். அப்பா தினமும் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்க முயன்றேன். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் பின்னேரம் வாசலில் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணி குடிப்பதுதான் ஞாபகம் வந்தது. அது எங்கள் வாசலிலும் நடந்தால் போதும் என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா டவுனுக்குப் போய் உல்லன் நூல் வாங்கிவந்தாள். நீலத்தில் ஒரு கட்டு, பிரவுனில் கொஞ்சம். தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு சுவெட்டர் பின்னப் போகிறாளாம். அம்மாவுக்குப் பின்னத் தெரியும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பாதிக் குழந்தைகளின் தலையில் அவள் பின்னிய தொப்பி இருந்தது. ஆனால் கடையில் தொங்குகிற சுவெட்டர்கள் மாதிரி நெஞ்சில் மான் நிற்க வேண்டும் என்று இந்த முறை ஆசைப்பட்டாள். படம் வைத்துப் பின்னி அவளுக்குப் பழக்கமில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா நூலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கொழும்பு வெக்கைக்கு சுவெட்டரா? அந்த மனுசன் பனியனே போட மாட்டாராமே!"

"போட்டுக்கிற நேரத்துல போட்டுக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு அம்மா நூலை உருண்டையாகச் சுற்றத் தொடங்கினாள். பெரியம்மா கேட்டது எனக்கு முழு நியாயமாகப் பட்டது.

மாமாவிடம் மான் விஷயத்தைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதெல்லாம் ஒரு வேலையாக்கா? கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு பிரின்ட் எடுத்துத் தாறேன். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். கறுத்த கட்டம் வந்தா பிரவுன் நூலு, வெள்ளக் கட்டம் வந்தா நீல நூலு. கண்ண மூடிக்கிட்டுப் பின்னலாம்."

முதலில் அளவெடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் சட்டை ஒன்றுகூட வீட்டில் இல்லாததால் மாமாவையே நிற்க வைத்து அம்மா அளந்தாள். மாமாவுக்கு அப்போதே தொப்பை உண்டு. அம்மா நூலைச் சுற்றிப் பிடித்து, கொஞ்சம் யோசித்து, மாமாவின் தொப்பையைக் கழித்து, அப்பாவின் தோளைக் கூட்டி, மனக்கணக்காக ஓர் அளவு வைத்தாள். மாமா மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது வீண். அம்மா அதையும் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடை அரைக் கதவு சாத்தியிருக்கும்போது மாமா என்னைக் கூட்டிப் போனார். வியாபாரிகள் கணக்கு எழுதுகிற கட்டங்கட்டமான பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். அதில் கட்டங்கள் எல்லாம் நீட்டுக்குப் படுத்துக்கிடந்தன. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. என் பள்ளிக்கூட அடிமட்டத்தைத் திரையில் வைத்து அளந்து, ஒவ்வொரு கட்டமும் நாலு பக்கமும் சமமாக வரும்வரை இழுத்துச் சரிசெய்தார். "வேலைன்னா சுத்தமா இருக்கணும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் பிறகு பலமுறை அவருக்கு ஞாபகப்படுத்தியிருக்கிறேன்.

அடுத்தது மான். பத்திரிகைக்காக அவர் சேர்த்துவைத்திருந்த படங்களில் மயில், யானை, குத்துவிளக்கு, கும்பம் எல்லாம் இருந்தன. மான் மட்டும் இல்லை. கடைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் பனைமரத்தடியில் ஒரு கலைமான் கழுத்தைத் திருப்பி நின்றது. மாமா ஒரு பொலித்தீன் தாளை அதன்மேல் வைத்து மானின் உருவத்தைப் பேனையால் வரைந்தெடுத்தார். அந்தத் தாளைக் கம்ப்யூட்டர் திரையின்மேல் டேப் போட்டு ஒட்டினார். கோட்டுக்குள் வருகிற கட்டங்களை எல்லாம் கறுப்பாக்குவது என் வேலை.

நான் மௌஸைத் தொட்டது அன்றுதான் முதல்முறை. கை வேர்த்து வழுக்கியது. முதலில் ஒரு குளம்பு, பிறகு கால், வயிறு, கழுத்து. கொம்பு வந்தபோதுதான் சிரமம். கொம்பின் கிளை பாதிக் கட்டத்தில் போகும், கட்டமோ முழுசாகத்தான் கறுக்கும். கறுப்பாக்கவா விடவா என்று ஒவ்வொன்றுக்கும் மாமாவைக் கேட்டேன். மாமா கொட்டாவி விட்டபடி "பாதிக்கு மேல இருந்தா அடி, இல்லாட்டி வுட்டுரு" என்றார். கண்ணுக்கு ஒரே ஒரு வெள்ளைக் கட்டம் விட்டோம். பொலித்தீனை உரித்தபோது மான் தனியாக நின்றது. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, தலையில் கிளைவிட்ட கொம்பு. என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் அதுவரை அவ்வளவு அழகாக இருந்ததில்லை. கடை முதலாளிகூட எட்டிப் பார்த்து, "யாரு போட்டது, பாப்பாவா?" என்று கேட்டார். மாமா "ரெண்டு பேரும்தான்" என்று முந்திக்கொண்டார்.

பிரின்ட் எடுத்த தாள்களை ஒட்டி வீட்டுச் சுவரில் மாட்டினோம். அன்றிலிருந்து பின்னேரங்கள் எனக்கும் வேலை நாளாகிவிட்டன. அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் முதலில் சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலால் விரல்களைத் தேய்ப்பாள். கொழுந்துக் கறை நூலில் பட்டால் போகாது. பிறகு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஊசிகளை எடுப்பாள். நான் தாளைப் பார்த்து வரி வரியாக வாசிக்க வேண்டும். கீழிருந்து மேலே போகவேண்டும், ஒரு வரியை வலப்பக்கமிருந்து வாசித்தால் அடுத்ததை இடப்பக்கமிருந்து வாசிக்கவேண்டும். பின்னலைத் திருப்பிப் பிடித்துப் பின்னுவதால் அப்படியாம். "நீலம் அஞ்சு, பிரவுன் ரெண்டு, நீலம் நாலு" என்று நான் ராகம் போட்டுச் சொல்வேன். அம்மாவின் உதடுகளும் சேர்ந்து அசையும். முடித்த வரியை நான் பென்சிலால் அடிப்பேன். தம்பி நூல் உருண்டைக்குக் காவல் இருந்தான். காவல் என்றால் அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவதுதான்.

அந்த நாட்களில் அம்மா நிறையப் பேசமாட்டாள். போனில் அப்பாவோடு பேசும்போதும் அந்த வேலையைப் பற்றி மறுபடி கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அப்பா போனில் முதலில் விசாரிப்பது எங்களை அல்ல, கன்றுக்குட்டியைத்தான். சித்திரையில் அவர் வந்திருந்தபோது எங்கள் பசு கன்று போட்டது. அப்பாதான் கூட இருந்து, கன்றை இழுத்தெடுத்து, சாக்கால் துடைத்து, அது தடுமாறி எழுந்து நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். குட்டைக் கால், உருண்டை வயிறு, நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த முறை அவர் பஸ் ஏறும்போது எங்களுக்குக் கை காட்டியதைவிடக் கன்றுக்குக் கை காட்டியது அதிகம். "கன்னு நல்லா இருக்கா? புல்லு திங்குதா?" என்று அவர் கேட்பதை போனுக்குப் பக்கத்தில் காதை வைத்து நானும் கேட்பேன். எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கால்கள் பின்னி முடிந்து வயிறு பாதி வந்தபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தாளில் இருந்த நெட்டைக் கால்கள் பின்னலில் இல்லை. முழுக்கப் பின்னினால் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதுகும் கழுத்தின் தொடக்கமும் வந்தன. அம்மா ஊசியோடு அதை மடியில் விரித்துத் தடவிவிட்டாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். காலெல்லாம் கட்டையாக, வயிறு பெருத்து, ஏதோ ஒரு பிராணி நின்றது.

தம்பிதான் கத்தினான். "ஐ, நம்ம கன்னுக்குட்டி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மானை அவன் கன்றுக்குட்டி என்கிறான். அதைவிடக் கொடுமை, அவன் சொன்னது உண்மை.

மாமா வரவழைக்கப்பட்டார். பின்னலைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அக்கா, நீங்க இறுக்கிப் பின்னிட்டீங்க."

"இறுக்குனா எல்லாப் பக்கமும்தானே இறுகணும்? காலு மட்டும் எப்பிடிடா குட்டையாகும்?"

மாமா என் அடிமட்டத்தை வாங்கிக் குறுக்கே வைத்தார், நெடுக்கே வைத்தார், தாளில் வைத்தார், மறுபடி பின்னலில் வைத்தார். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு விளங்கியது. தாளில் கட்டங்கள் நாலு பக்கமும் சமம். பின்னலில் ஒவ்வொரு தையலும் அகலம் கூடி உயரம் குறைந்து உட்கார்ந்திருந்தது. அப்படியிருந்தால் எந்த மானும் குட்டையாகத்தான் போகும். முதலில் திரையில் நீட்டுக்குப் படுத்துக்கிடந்த கட்டங்களைக் கொஞ்சம் மட்டும் குறுக்கி விட்டிருந்தால் போதும். மாமா மெனக்கெட்டுச் சுத்தமாகச் சமப்படுத்தியதுதான் வினை. "அப்ப கட்டத்துலதான் பிழை" என்று மாமா, கட்டத்தை யாரோ வேறு ஆள் போட்டதுபோல் சொன்னார்.

பிரித்துவிட்டு முதலிலிருந்து பின்னலாம். ஆனால் தீபாவளி நெருங்கிவிட்டது. அந்த மாதம் கொழுந்து அதிகம், அம்மா வீடு வருவதே பிந்தியது. மாமா தலையைச் சொறிந்தார். நான் விசும்பிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னலை மறுபடி மடியில் விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த வருஷம் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"கன்னாவே இருக்கட்டும். தலைய மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள்.

நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. நெஞ்சில் மாட்டை வைத்துக்கொண்டு யாராவது நடப்பார்களா? அதுவும் கொழும்பில்? டவுன் கடையில் தொங்கும் எந்தச் சுவெட்டரிலும் மாடு இருந்ததில்லை. என் கொம்புகளை நினைத்தால் வயிறு எரிந்தது. ஆனால் அம்மா முடிவெடுத்துவிட்டாள் என்றால் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டதைப் போல, அதற்குமேல் பேச்சு கிடையாது.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுபடி அதே கம்ப்யூட்டர். மாமா இந்த முறை கட்டங்களின் உயரத்தைக் குறைத்து, அவற்றைத் தையல் மாதிரியே படுக்கப்போட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையில் அவ்வளவு எடுப்பாக நின்ற என் மான் மளமளவென்று அமுங்கி, வயிறு பெருத்து, எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்ற உருவமாகிவிட்டது. மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. கொம்புகளை நானே ஒவ்வொரு கட்டமாக அழித்தேன். கழுத்தைத் தடிக்கவைத்து, பக்கவாட்டில் தொங்கும் காது வைத்தேன். கடைசியில் நெற்றியில் இரண்டு கட்டம் வெள்ளை விட்டேன். அதை யாரும் சொல்லித்தரவில்லை. செய்து முடித்ததும் என் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை அப்பா வந்தார். குளித்துவிட்டு வந்தவர் கையில் அம்மா சுவெட்டரைக் கொடுத்தாள். அப்பா அதை விரித்துப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அட, இது நம்ம கன்னுல்ல!"

விரலை வைத்து அந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டார். போட்டுக்கொண்டு நேராகக் கொட்டிலுக்குப் போய்க் கன்றை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தி, "பாரு, பாரு" என்று அதற்கே காட்டினார். கன்று சுவெட்டரின் ஓரத்தை நக்கிப் பார்த்தது. லயமே வந்து வேடிக்கை பார்த்தது. பெரியம்மாகூட "அளவு தச்ச மாதிரி இருக்கே" என்றார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மச்சான், உண்மையில அது மொதல்ல மானு" என்றார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மாமா அதற்குமேல் கட்டங்களைப் பற்றி விளக்கவில்லை.

தீபாவளி முழுக்க அப்பா அந்தச் சுவெட்டரோடுதான் இருந்தார். விடியற்காலையில் புல் அறுக்கப் போனார், கோயிலுக்குப் போனார், வாசலில் உட்கார்ந்து வெறும் தேத்தண்ணி குடித்தார். எங்கள் வாசலில். நான் அதைத் தூரத்தில் நின்று பார்த்தேன், கிட்டப் போனால் எழுந்துவிடுவாரோ என்று இருந்தது. மாமா வேலைப் பேச்சை எடுத்தபோது மட்டும் அப்பா பேச்சை மாற்றினார். இவ்வளவு வருஷம் இருந்த இடம், நம்பிக் கடைச் சாவியைக் கொடுத்த முதலாளி, திடீரென்று எப்படி விட்டு வருவது என்று ஏதோ சொன்னார்.

லீவு முடிந்தது. அம்மாவுக்கு அன்று காலை வேலை இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றவள், பை கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, நோர்வூட் மொதலாளிக்கு என்னன்னு சொல்லச் சொல்றது?"

"பார்ப்போம்" என்றார் அப்பா.

அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மற்றப் பெண்களோடு மலை ஏறும்போது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொல் எங்கே போய் முடியும் என்று எனக்குத்தான் தெரியுமே.

அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் முத்தம் கொடுத்து, கன்றையும் தடவிவிட்டு, பையோடு ரோட்டுக்கு இறங்கினார். நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். கதவுக்குப் பின்னால், ஆணியில், சுவெட்டர் தொங்கியது.

கைக்குட்டையைக்கூட மறக்காத மனுஷன் இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறந்திருக்க மாட்டார். பிடிக்கவில்லை. மாமா வாயை விட்டதால் அது அமுங்கிப்போன மான் என்று தெரிந்துவிட்டது, கொழும்பில் யார் முன்னால் இதைப் போடுவார்? கொம்பை அழித்தது நான், காதை வைத்தது நான். இதெல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடியது. சுவெட்டரை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ரோட்டை நோக்கி ஓடினேன்.

பஸ் வந்து நின்றுவிட்டது. அப்பா மிதிபலகையில் கால் வைத்திருந்தார். "அப்பா! அப்பா!" என்று கத்தியபடி போய்ச் சுவெட்டரை அவர் கையில் திணித்தேன். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. அப்பா முதலில் பயந்துபோனார். பிறகு சுவெட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதைத் திருப்பி என் தோளில் போட்டார்.

"அடி பைத்தியம், அங்க எனக்கு இது எதுக்கு? கொண்டு போயி அந்த ஆணியிலயே மாட்டி வை."

கண்டக்டர் மணி அடித்தார், பஸ் போய்விட்டது. நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். சுவெட்டரின் கையிலேயே மூக்கையும் துடைத்துக்கொண்டேன். பிறகு வீட்டுக்குப் போய் அதைப் பழையபடி ஆணியில் மாட்டினேன்.

பகல் சாப்பாட்டுக்கு அம்மா வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் என்ன என்றாள். அப்பாவுக்குச் சுவெட்டர் பிடிக்கவில்லை, கொண்டுபோய்க் கொடுத்தும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அம்மா கூடையை இறக்கக்கூட இல்லை.

"என்ன சொன்னாரு? அவரு சொன்னத அப்பிடியே சொல்லு."

சொன்னேன்.

"அந்த ஆணியிலயேன்னா சொன்னாரு?"

"ஆமா. அந்த ஆணியிலயே மாட்டி வைன்னு."

அம்மா இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவையும் நான் அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் கூடையை இறக்கி வைத்தாள். கதவுக்குப் பின்னால் போய்ச் சுவெட்டரின் தோளைச் சரிசெய்தாள். நான் மூக்குத் துடைத்த இடத்தைப் பார்த்தும் திட்டவில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து, அன்றைக்கு என்று இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். தகரப் பேணியில் விருந்தாளிகளுக்கென்று ஒளித்துவைத்திருந்த முறுக்கை எடுத்து எங்கள் கையில் கொடுத்தாள். திரும்ப மலைக்குப் போகும்போது ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தபடி போனாள்.

எனக்கு அம்மாமேல் பொல்லாத கோபம் வந்தது. பாடுபட்டுப் பின்னியதை அந்த மனுஷன் விட்டுவிட்டுப் போகிறார், இவள் பாட்டுப் பாடுகிறாள்.

அன்று பின்னேரம் மாமா வந்தபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். இந்த முறை கட்டங்களை முதலிலேயே சரியாகப் போட்டு, நெட்டைக் காலும் கொம்பும் உள்ள நிஜ மானாக ஒன்று செய்ய வேண்டும், மெல்லிய நூலில் பின்ன வேண்டும், அதையாவது அப்பா கொழும்புக்குக் கொண்டுபோவார் என்று சொன்னேன். மாமா அம்மாவைப் பார்த்தார். "ஒண்ணும் வேணாம், இருக்கிறதே போதும்" என்றாள் அம்மா. மறுநாள் காலையிலேயே மாமா நோர்வூட் முதலாளியிடம் போய், இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி வந்தார். அதற்கும் சுவெட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தைப் பொங்கலுக்கு அப்பா தன் கொழும்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார், பிறகு போகவில்லை. அவர் வேலைக்குப் போன முதல் காலை நல்ல பனி. கதவுக்குப் பின்னால் கைவிட்டு, பார்க்காமலே அந்தச் சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு நோர்வூட்டுக்கு நடந்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு ஒருவழியாகக் கன்றுக்குட்டி பிடித்துப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வளர்ந்த பிறகுதான் விளங்கியது: அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர், திரும்பி வருகிற எண்ணத்தோடு, அந்த வீட்டில் ஒரு துணியை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை அவர் கையிலேயே திரும்பத் திணித்துவிடத்தான் நான் செருப்புக்கூடப் போடாமல் அந்த ஓட்டம் ஓடியிருக்கிறேன். நல்லவேளை, அவர் வாங்கிக்கொள்ளவில்லை.